சுனாமி போயிட்டு, உடம்புக்கு இன்னும் தெரியல்ல

2012 ஏப்ரல் 11, சுமாத்ராவுக்குப் பக்கத்துல 8.6 அளவுல நிலநடுக்கம் வந்து இங்க சுனாமி எச்சரிக்கை விட்டதும் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கரையோரச் சனம் பிள்ளைகளத் தூக்கிட்டு உள்ளுக்கு ஓடினது ஞாபகம் இருக்கும். கடல் வரல்ல. ஆனா 2004 சுனாமில தப்பின சில பேருக்கு அதுக்குப் பிறகும் நெஞ்சுப் படபடப்பு லேசில அடங்கியிராது. "அதான் ஒண்டும் நடக்கல்லயே கா, விடு" எண்டு சொன்னா அடங்கிற விசயமும் இல்ல அது.

ஆபத்தக் கண்டா நாம யோசிக்க முந்தியே உடம்ப ஓட ஆயத்தப்படுத்துறது மூளையில அமிக்டலா எண்ட பகுதி. நடந்தத எங்க, எப்ப எண்டு பதிஞ்சி வைக்க உதவுறது ஹிப்போகம்பஸ். பயம் அளவு மிஞ்சிப் போனா அந்தப் பதிவு குழம்பி, இரைச்சல் தனி, சேத்து மணம் தனி, பிடிச்ச கை வழுக்கினது தனி எண்டு துண்டு துண்டா நிண்டிரும் எண்டுதான் நிறைய ஆராய்ச்சிக்காரர் விளக்குறாங்க. திகதி இல்லாத நினைவு, அதனால எப்ப அந்த மணம் வந்தாலும் உடம்பு இண்டைக்கு நடக்கிற மாதிரியே எடுக்கும்.

இப்பிடிப்பட்டவங்களுக்கு உதவுற ஒரு வழிதான் ஒருங்கிணைந்த உளச்சிகிச்சை. அப்பிடியெண்டா ஒரே முறையப் பிடிச்சிட்டு நிக்காம ஆளப் பாத்து பல முறைகளச் சேர்க்கிறது. ஆனா கண்டபடி சேர்க்கிறதில்ல. முதல்ல உடம்பு. மூச்ச எடுக்கிறத விட விடுறத நீட்டினா மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு குறையும், நித்திரைய ஒழுங்காக்கணும், தேவையெண்டா டாக்டர்ட மருந்தும். தண்ணி ஓதிக் குடிக்கிறவங்க, நூல் கட்டுறவங்கள நான் தடுக்க மாட்டன், மனசு கொஞ்சம் அமர்ந்தா நல்லது தானே, அதோட நிப்பாட்டிராம இருந்தா சரி. கதை கேக்கிறது பிறகுதான். அனர்த்தம் நடந்த கையோட ஒரே இருப்பில "என்ன நடந்த, சொல்லுங்க" எண்டு கிளறுறது பின்னால வாற பாதிப்பத் தடுக்காது எண்டு தெரிஞ்சதால உலக சுகாதார நிறுவனமே அத வேணாம் எண்டு சொல்லுது.

கதை சொல்ற கட்டத்துக்கு ஜெர்மனியில கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து ஆக்கள் உருவாக்கின ஒரு முறை இருக்கு, சுனாமிக்குப் பிறகு நம்மட வடகிழக்குப் பிள்ளைகளுக்கும் பாவிச்சிருக்காங்க. தரையில ஒரு கயிற நீட்டி விடுவாங்க, அதுதான் உங்கட வாழ்க்கை. பிறந்ததுல இருந்து நல்லது நடந்த இடத்துல பூ, கெட்டது நடந்த இடத்துல கல்லு. கயிற்றுட மத்த நுனி சுருட்டினபடியே கிடக்கும், அது இனி வரப்போற காலம். பிறகு வாற நாளுகள்ல ஒவ்வொரு கல்லா எடுத்து, அப்ப மணி என்ன, காலுக்குக் கீழ மணலா தண்ணியா, நெஞ்சு எப்பிடி அடிச்ச, இப்ப இந்தக் கதிரையில எப்பிடி இருக்கு எண்டு அப்பவுக்கும் இப்பவுக்கும் மாறி மாறிக் கேப்பாங்க. இப்பிடித்தான் அந்தத் துண்டுகளுக்குத் திகதி விழுறது.

ஆனா எல்லாருக்கும் கல்லு ஒரு நாள்ல விழுந்ததில்ல, சிலருக்கு சின்ன வயசுல பிடிச்சுக்கொள்ள ஆளில்லாமப் போனதே பெரிய கல்லு. பிள்ளைக்கும் வளர்க்கிறவங்களுக்கும் உள்ள பிணைப்ப ஆராய்ஞ்ச ஜோன் போல்பியும் மேரி எய்ன்ஸ்வர்த்தும் காட்டினது, பயந்த பிள்ளை ஓடிப் போக ஒரு ஆள் வேணும், அந்த ஆள் திரும்பத் திரும்பக் கிடைச்சாத்தான் "நான் கூப்பிட்டா வருவாங்க" எண்ட நம்பிக்கை ஊறும். அது அம்மாவாத்தான் இருக்கணும் எண்டில்ல. நம்மட பக்கம் பொம்புளப் பிள்ளைக்கு வீடு குடுக்கிறதால அம்மம்மா, பெரியம்மா, சாச்சி எல்லாம் ஒரே வளவுக்குள்ள, அம்மா குவைத்துக்குப் போனாலும் பிடிச்சுக்கொள்ள ஒரு கை இருக்கும், சும்மா சொல்லக்கூடா, பெரிய காப்பு அது. அந்தக் கையும் போரிலயோ கடல்லயோ போன பிள்ளை வளர்ந்து சில நேரம் ஒருத்தரையும் கிட்ட விடாது, இல்லாட்டி விட்டுட்டுப் போயிருவாங்க எண்டு ஒட்டிக்கொண்டே திரியும்.

இவங்களுக்கு மூச்சுப் பயிற்சியும் கயிறும் மட்டும் காணாது, சிகிச்சை செய்யிற ஆளோட உறவே மருந்து. கிளினிக்குக்கு வராம விடுவாங்க, சண்டை பிடிப்பாங்க, இவரும் கைவிடுவாரா எண்டு பாக்கிறது அது. அதால விசயம் தெரிஞ்ச உளவளத்துணையாளர் லீவுல போறதெண்டாலும் முதல்லயே சொல்லி, எந்தத் திகதி திரும்பி வருவன் எண்டதையும் சொல்லிட்டுத்தான் போவார்.