சுவர் கட்டுங்கள், ஒரு துறை விட்டுக் கட்டுங்கள்

கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு சிற்றூர். அங்கே கரை அரித்துத் தென்னைகள் ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் சாய்ந்துகொண்டிருந்தன. வெள்ளத்தடுப்புச் சுவருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். 300 மீட்டர் நீளம், ஆற்று மணலிலிருந்து பன்னிரண்டு அடி உயரம். முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போன 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை அந்தச் சுவர் தாங்கியது. தண்ணீர் வடிந்தபின் விரிசல் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒன்றும் இல்லை.

ஆனால் சுவரின் மேல் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். பரிசலின் விளிம்பில் நைலான் கயிற்றைக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். பரிசல் சிமெண்டில் உரசி உரசி இறங்கியது. அப்புறம் அவரே இறங்கினார். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிவதற்காக நான் வைத்த நாலு அங்குலக் குழாய் ஓட்டைகளில் கால் கட்டை விரலை ஊன்றி, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கினார். பாதியில் ஒரு முறை கால் வழுக்கியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

கீழே போய்த் துடுப்பை எடுத்தபின் என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “நல்ல செவுருதான் தம்பி. நாங்க எறங்குற எடத்த மறந்துட்டீங்க.”

அலுவலகம் வந்து பழைய சர்வே தாளை எடுத்துப் பார்த்தேன். மரங்கள், மின்கம்பம், அய்யனார் கோயில், பம்ப்செட் கொட்டகை எல்லாம் குறித்திருந்தோம். பெரியவர் சொன்ன இடமும் இருந்தது. ஆளும் மாடும் பரிசலும் இறங்கி இறங்கித் தேய்ந்த அந்தச் சரிவுக்கு நாங்கள் எழுதியிருந்த பெயர் ‘கரை உடைப்பு’. மூட வேண்டிய இடங்களின் கணக்கில் சேர்த்து, மூடியும் விட்டோம்.

அன்றிலிருந்து எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்: ஒருவர் சின்னப் படகு ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தால் தண்ணீருக்கு எப்படிப் போவார்?

டெல்டாவில் துறை என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மயிலாடுதுறை, ஆடுதுறை, திருவாவடுதுறை, திருப்பராய்த்துறை என்று ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. திருச்சியில் ஓடத்துறை என்றே ஓர் இடம் உண்டு. குளிக்கும் படித்துறைகள் இன்றைக்கும் நிறைய இருக்கின்றன. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், திருவையாறு புஷ்ய மண்டபம், மயிலாடுதுறை துலாக் கட்டம் மாதிரியான இடங்களுக்கு ஆடிப்பெருக்குக்கும் ஐப்பசி முழுக்குக்கும் கூட்டம் வருவதால் அவற்றைப் பராமரிக்கவும் ஆள் இருக்கிறது. படகு இறங்கும் துறைகளுக்குத் திருவிழா கிடையாது. அதனால் அவை போனதும் தெரியவில்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் டெல்டா ஆறுகளில் கான்கிரீட் வேலை நிறைய நடந்திருக்கிறது. கல்லணைக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் அந்த 148 கிலோமீட்டர் கால்வாயை நவீனப்படுத்த 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். திட்ட மதிப்பு சுமார் 2,640 கோடி ரூபாய். வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு எல்லாம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் சீரமைக்கப்பட்டன. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், கரை உடையக் கூடாது. இவை வேண்டாத வேலைகள் என்று நான் சொல்லவே மாட்டேன். என் பிழைப்பே இந்த வேலைதான். ஆனால் இருபுறமும் வழவழப்பான சாய்தளம் போட்ட கால்வாயில் தவறி விழுந்தவர் பிடித்து ஏற எதுவும் இருக்காது. ஒரு மாதத்தில் பாசி படிந்துவிடும். நல்ல நீச்சல்காரருக்கும் அங்கே கை நிற்காது. படகு இறக்க ஒரு வழி வைத்தால், அதுவே விழுந்தவர் ஏறி வரும் வழியாகவும் இருக்கும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காக வைக்கலாம்.

“இந்தக் காலத்தில் பரிசல் யார் விடுகிறார்கள்?” என்று கூட்டங்களில் கேட்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆற்றுப்பக்கம் போய்ப் பாருங்கள். ஃபைபர் பரிசலில் வலை விரிப்பவர், லாரி டியூபின் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர், தெர்மாகோல் துண்டுகளைச் சாக்கில் கட்டி அதன்மேல் பலகை போட்டுப் போகிறவர் என்று ஒவ்வொருவராகக் கண்ணில் படுவார்கள். எதிர்ப் படுகையில் வாழைக்கொல்லை வைத்திருப்பவருக்குப் பாலம் சுற்றிப் போக எட்டு கிலோமீட்டர், ஆற்றைக் கடந்தால் கால் மணி நேரம். கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்று திட்டுக் கிராமங்கள் இருக்கின்றன. மேட்டூரில் உபரி நீர் திறந்தால் முதலில் சூழப்படுவது இவைதான். அப்போது முதியவர்களையும் ஆடுமாடுகளையும் படகில்தான் கரை சேர்க்கிறார்கள். தீயணைப்புத் துறையின் ரப்பர் படகையும் எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? கூரான கருங்கல் பதித்த சரிவில் அதை இழுத்தால் தண்ணீருக்குப் போகுமுன்பே கிழியும்.

இப்போது துடுப்புப் படகில் ஆற்றைப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களும் வருகிறார்கள். நல்லதுதான். முத்துப்பேட்டையில் ஜாம்புவானோடையிலிருந்து அலையாத்திக் காட்டுக்குப் படகு போவது போல, உள்ளே இருக்கும் ஆறுகளிலும் ஆள் நடமாட்டம் வந்தால் குப்பை கொட்டுகிறவர் கொஞ்சம் யோசிப்பார். எஞ்சின் இல்லாத படகு கரையை அரிக்காது, தண்ணீரில் எண்ணெய் விடாது.

சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1890-இலேயே கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்குமான சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த 111 தேசிய நீர்வழிகளில் காவிரி–கொள்ளிடம் 55-ஆம் எண். 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் இயந்திரம் இல்லாத கலங்களுக்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார்கள். ஆறு மக்கள் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்று 1996 டிசம்பரில் பியாஸ் ஆறு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருந்தும் வரைபடத்தில் ஒரு படி விழவில்லை என்றால், கேட்க ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, எப்படிக் கட்டுவது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகக் கட்டிய துறையை நானே நாலைந்து இடத்தில் பார்த்திருக்கிறேன்.

முதல் விஷயம், தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வரும். முறைப்பாசனம் வைத்தால் ஒரு வாரம் கரை தொட்டு ஓடும், அடுத்த வாரம் முழங்கால் அளவு. ஜனவரி 28-இல் மேட்டூரை மூடியபின் பல ஆறுகளில் குட்டைதான் மிஞ்சும். ஆகவே மேலே ஒரு மேடை கட்டி, அங்கிருந்து படகில் ஏறுங்கள் என்றால் வருடத்தில் இருபது நாள்தான் உதவும். ஒவ்வொரு மூன்று அடி இறக்கத்துக்கும் ஐந்தடி அகலத்தில் ஒரு தளம் வேண்டும். எந்த மட்டத்தில் தண்ணீர் இருந்தாலும் படகை வைத்து, மூச்சு வாங்கி, ஏறி உட்கார ஓர் இடம் கிடைக்கும்.

இரண்டாவது, துறையின் வாய் கீழ்நோக்கி, அதாவது தண்ணீர் போகும் பக்கமாக இருக்க வேண்டும். சரிவு கரையை ஒட்டி நீளவாக்கில் இறங்கட்டும். வாய் மேல்பக்கம் இருந்தால் வெள்ளம் நேராக உள்ளே ஏறிக் கரையைக் குடைந்துவிடும், மிதந்து வரும் மூங்கிலும் ஆகாயத்தாமரையும் அங்கேயே அடையும். வாய் கீழ்ப்பக்கம் இருந்தால் அதன் முன்னால் தண்ணீர் கொஞ்சம் ஓய்ந்து நிற்கும், படகை அணைப்பதும் சுலபம். ஆறு வளையும் இடத்தின் உட்புறம் வேண்டாம், எக்கல் மண் மூடிவிடும். வெளிப்புறமும் வேண்டாம், அரித்துக்கொண்டு போகும். நேராக ஓடும் இடம் உத்தமம். ஊர்க்காரர்கள் தலைமுறையாக இறங்கிய இடம் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடமாகத்தான் இருக்கும். கணக்குப் போடுமுன் அவர்களைக் கேட்டுவிடுவது நல்லது.

எட்டடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்றால் படகை ஒருவரே இழுத்து ஏற்றலாம். அதற்கு இடமில்லாவிட்டால் படி. அரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம். கீழ்ப்படிகளில் சிமெண்ட் பூச்சு கூடவே கூடாது, கொத்து விட்ட கருங்கல் போடுங்கள். படகு கட்ட இரும்பு வளையம் வைத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். துளை போட்ட கல்லை நட்டால் நம் பேரன் காலத்துக்கும் நிற்கும். கடைசிப் படிக்குக் கீழே அடிச்சுவர் ஆழமாக இறங்க வேண்டும். மணல் அள்ளி அள்ளிக் கொள்ளிடத்தில் ஆற்றுத் தரை தாழ்ந்திருக்கிறது. அந்தரத்தில் தொங்கும் படிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரையைவிட உயரமாக நிற்கும் வெள்ளச்சுவரில் வழி விடுவதாக இருந்தால், மதகில் இருப்பது போல் பலகை செருகும் பள்ளம் இருபுறமும் வேண்டும். வெள்ள அறிவிப்பு வந்ததும் பலகையைச் செருகி அடைத்துவிடலாம்.

இந்த இடத்தில் அதிகாரிகள் ஒன்று சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. “வழி விட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மணல் போய்விடும்.” உண்மைதான். ஆற்றுக்குள் வண்டி இறங்க ஒரு சரிவு கிடைத்தால் மாட்டுவண்டியும் டிராக்டரும் வரும். இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. துறையின் வாசலில் இரண்டரை அடி உயரக் கல்தூண்களை மூன்றடி இடைவெளியில் நடுங்கள். வண்டி நுழையாது. பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து வருகிறவருக்கு அது தடையே இல்லை, பரிசல் தூணுக்கு மேலேயே போய்விடும். உள்ளே சரிவுக்குப் பதில் படியாக இருந்தால் இருசக்கர வாகனத்தில் மூட்டை கட்டுகிறவரும் வர முடியாது. ஒரு செயற்பொறியாளரிடம் இதைத் தாளில் வரைந்து காட்டினேன். அந்த வேலையில் துறை வந்தது.

ஆபத்தான இடங்களையும் சொல்லியாக வேண்டும். டெல்டா ஆறுகளில் சில கிலோமீட்டருக்கு ஒரு ரெகுலேட்டர், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் கதவணை உண்டு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு மூன்றுக்கும் ஒரே இடத்தில் கதவுகள் நிற்கின்றன. கதவுக்கு மேல்பக்கம் இழுப்பு. கீழ்ப்பக்கத்துக் கான்கிரீட் தளத்திலோ தண்ணீர் உருண்டு திரும்பத் தன் பக்கமே இழுக்கும். மேலே பார்த்தால் வெறும் நுரை. உள்ளே போனவரை அது விடாது. அதனால் ரெகுலேட்டருக்கு நூறு மீட்டர் முன்னாலேயே ஒரு கரையேறும் படியும், நுரை அடங்கிய பிறகு ஓர் இறங்கும் படியும், நடுவில் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பாதையும் வேண்டும். மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கர் நடக்கும் கரைப்பாதையே போதும். அதை மறைக்கும் காட்டாமணக்கை வெட்டினால் சரி. மணல் எடுத்த பள்ளங்களில் கொடியோ கம்போ நடுங்கள். அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு, அங்கே துறையைச் சுற்றிப் புதர் இருக்கவே கூடாது. வெள்ள அபாய அறிவிப்பு உள்ள நாளில் மீட்புப் பணியில் இருப்பவர்களைத் தவிர யாரும் படகு இறக்க வேண்டாம். மற்ற நாளிலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

எப்போது கேட்பது? சுவர் வேலைக்குக் கம்பி கட்டியபின் கேட்டால் நடக்காது. மதிப்பீடு தயாராகும்போதே கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே சேர்த்தால் சில லோடு கான்கிரீட்டோடு முடியும். பின்னால் என்றால் தனி மதிப்பீடு, தனி ஒப்புதல், தனி டெண்டர். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஆறு காய்ந்து, தரை தெரியும் சமயம். தூர்வாரும் பணிக்குப் பட்டியல் போடும் சமயமும் அதுதான். எந்த இடத்தில் படி, எவ்வளவு அகலம், யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மீன் பிடிப்பவர்கள் கையெழுத்தோடு தீர்மானமாகப் போடுங்கள். நகலை நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பொறியாளர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சர்வே எடுக்கும்போது கரையில் தேய்ந்த தடம் தெரிந்தால் அதை உடைப்பு என்று எழுதாதீர்கள். ஒரு நாள் காலையில் அங்கே நின்று பாருங்கள்.

அந்தச் சிற்றூரில் போன கோடையில் சுவரை ஒட்டி ஆற்றுப்பக்கமாக இறங்கும் படி கட்டிவிட்டோம். அடித்தளம் குறுக்கே வந்ததால் நினைத்த சரிவு கிடைக்கவில்லை, கொஞ்சம் செங்குத்துதான். பெரியவர் இப்போது ஆற்றில் இறங்குவதில்லை, மகன் போகிறார். ஆனாலும் துறை வேலை முடிந்த அன்று வந்து, தடியை ஊன்றிக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் இறங்கிப் பார்த்தார். “இன்னும் ரெண்டு படி வேணும் தம்பி. மாசியில தண்ணி கீழ போயிடும்” என்றார். மாசியில் போய் அளந்தேன். இரண்டு போதாது, மூன்று வேண்டியிருக்கிறது. வரும் சித்திரையில் போட்டுத் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார்.