பதக்கத்துக்கு முன்னால் தோலும் சிறுநீர்ப்பையும்

‘சந்து சாம்பியன்’ 2024 யூன் மாதம் வெளிவந்த ஹிந்திப் படம். போரில் குண்டு பட்டு ஊனமுற்று, பிறகு பராலிம்பிக்கில் தங்கம் வென்ற முர்லிகாந்த் பேட்கரின் கதை அது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களின் வீடுகளில் பலர் அதைப் பார்த்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ சித்தியோ “தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டுங்கோ” என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த கிளினிக்கில் அம்மா கேட்பார்: “அவ்வளவு வெடி பட்ட மனிசனே மெடல் எடுத்தவர், மிஸ். இவன் மனம் வைச்சா எழும்பி நடக்க மாட்டானே?”

யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு அந்தக் கேள்விக்குள் இருக்கும் ஆசை நன்றாக விளங்கும். ஆனால் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெடியனுக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. தான் நடக்காமல் இருப்பது தன்னுடைய மனக்குறை என்று அவன் எடுத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு பயிற்சியில் சின்ன முன்னேற்றம் வந்தாலும் அவனுக்கு அது முன்னேற்றமாகத் தெரிவதில்லை.

படத்தில் குறை காண நான் இதை எழுதவில்லை. முர்லிகாந்த் பேட்கர் உண்மையான மனிதர். இந்திய இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர், 1965 போரில் குண்டு பட்டு ஊனமுற்றார். 1968இல் டெல் அவிவ் பராலிம்பிக்கில் மேசைப்பந்து விளையாடினார். 1972இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் 50 மீற்றர் நீச்சலை 37.33 செக்கனில் முடித்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். அதுதான் இந்தியாவின் முதல் பராலிம்பிக் தங்கம். பத்மஸ்ரீ கிடைத்தது 2018இல். இடையில் 46 வருடம்! வயதான பேட்கர் தனக்கு விருது தராததற்காகப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்க வருவதாக இயக்குநர் கபீர் கான் கதையை அமைத்திருக்கிறார். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்தது அந்த இடம். அங்கே கேள்வி அவருடைய மன உறுதியை விட்டு நாட்டின் பக்கம் திரும்புகிறது.

ஆனால் இந்த வகைப் படங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் மைதானத்துக்கும் இடையிலான காலம் ஒரு பாட்டுக்குள் ஓடி முடிந்துவிடும். என் வேலை முழுக்க அந்தப் பாட்டுக்குள்தான் இருக்கிறது.

முதலில் நடை. எங்கள் ஊரில் கண்ணிவெடியில் கால் இழந்த எத்தனையோ பேர் ஜெய்ப்பூர் கால் போட்டு நடந்ததையும் சைக்கிள் ஓடியதையும் நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால் முயன்றால் எவரும் நடக்கலாம் என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. கால் போனவருக்கு முள்ளந்தண்டு வடம் நன்றாக இருக்கிறது, மூளையின் கட்டளை மிஞ்சிய தசை வரைக்கும் போகிறது. பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளிக்கோ மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகு முறிந்தவருக்கோ அந்தக் கட்டளை வழியிலேயே நின்றுவிடுகிறது. வடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டதா, பகுதியாகவா என்பதை மலவாசலைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அங்கே இறுக்க முடிகிறதா என்று சோதித்து அறிவோம். திரும்பி வரும் உணர்ச்சியிலும் அசைவிலும் பெரும் பங்கு முதல் 6 மாதங்களில் வரும், அப்புறம் மெதுவாகும். இதில் எதையும் மன உறுதி தீர்மானிப்பதில்லை. மிஞ்சியிருக்கும் தசையை வைத்து என்ன செய்யலாம் என்பதில்தான் மன உறுதிக்கு வேலை. பேட்கர் வென்றதும் நீச்சலில்தான். அது கையும் தோளும் மூச்சும் எடுத்த தங்கம்.

பராலிம்பிக் பிறந்ததே ஆஸ்பத்திரி வாட்டில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் பொறுப்பேற்றார். நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் கவனித்தார். விளையாட்டையும் சிகிச்சையின் பகுதியாக்கினார். 1948 யூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், போரில் காயப்பட்ட 16 பேரை அங்கே வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். 1960இல் ரோமில் நடந்த முதல் பராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. தோலும் சிறுநீர்ப்பையும் தப்பியதால்தான் அந்த 16 பேரால் வில்லைப் பிடிக்க முடிந்தது.

இன்றைக்கும் இங்கே என் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப வாட்டுக்கு அனுப்புவது அந்த இரண்டும்தான். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் நோகாது. நோகாததால் யாரும் பார்ப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னுக்கோ பக்கத்துக்கோ சாய்ந்து, ஒன்றிரண்டு நிமிடம் இருக்கையில் படும் பாரத்தை எடுக்க வேண்டும். காலையும் இரவும் கண்ணாடி வைத்தாவது, வீட்டில் ஒருவரைக் கொண்டாவது இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், குதிக்கால் எல்லாம் பார்க்க வேண்டும். சிவந்த இடம் பாரத்தை எடுத்த பிறகும் மங்காவிட்டால் அந்த இடத்தில் மறுபடி பாரம் படவே கூடாது. சூடான தேநீர்க் கோப்பையை மடியில் வைப்பது, வெயிலில் கிடந்த மோட்டார் சைக்கிள் சீற்றில் ஏற்றுவது போன்ற சின்ன விஷயங்களில்கூடத் தோல் வெந்துபோகும்.

சிறுநீரைப் பற்றி வீடுகளில் கதைக்கவே வெட்கம். குழாய் போட்டு எடுக்கப் பழகியவர் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கையைக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும், ஒரு தடவையில் 500 மில்லிலீற்றருக்கு மேல் சேர விடக்கூடாது. வெளியே போனால் மலசலகூடம் இல்லை என்று தண்ணீரையே குடிக்காமல் விடுகிறார்கள். அது தொற்றுக்கும் கல்லுக்கும் வழி. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ, அதாவது மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று எடுக்க வேண்டும். உடனே நிமிர்த்தி இருத்துங்கள், உடுப்பைத் தளர்த்துங்கள், குழாய் மடிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதை வீட்டில் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

நீச்சல் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல பயிற்சி, ஆனால் திறந்த புண்ணோடு இறங்கக் கூடாது, இறங்க முன் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், குளத்தின் விளிம்பில் குதிக்கால் உரஞ்சாமல் காலுறை போட வேண்டும். சரி, எங்கே இறங்குவது? எங்கள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக முழுகி நீந்தும் கீரிமலைக் கேணிக்குப் படிகளால்தான் இறங்கலாம். நகுல முனிவரின் குறை தீர்ந்ததாகச் சொல்லப்படும் தீர்த்தம் அது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் அதன் விளிம்போடு நிற்க வேண்டியிருப்பது எனக்கு மனதை வருத்தும் விஷயம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றி 2006இன் ஒழுங்குவிதிகளும் இந்த நாட்டில் இருக்கின்றன. ஒழுங்கை மணலும் வாசற்படியும் வளவின் பின்மூலையிலுள்ள மலசலகூடமும் தாண்டி ஒருவர் வெளியே வந்த பிறகுதான் அவை உதவும்.

இலங்கையின் பராலிம்பிக் வீரர்களையும் குடும்பங்கள் உதாரணம் காட்டுகின்றன. டோக்கியோவில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் கையில் காயப்பட்டவர். பாரிஸில் வெள்ளி வென்ற சமித்த துலானுக்குக் காலில் பாதிப்பு. இருவரும் நின்று, ஓடி எறிகிறவர்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத ஒருவரை அவர்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அவருக்கு ஏற்ற விளையாட்டுகள் வேறு இருக்கின்றன. பேட்கர் நீச்சலுக்கு முன் விளையாடிய மேசைப்பந்தையே எடுங்கள். எங்கள் ஊர்களில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இல்லாத கிராமம் அரிது. அங்கே மேசைப்பந்து மேசை வாங்கும்போது அதன் கால்கள், விளையாடுகிறவர் இருக்கும் பக்கத்து ஓரக்கோட்டிலிருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேச விதியே அதுதான், அப்போதுதான் சக்கர நாற்காலி உள்ளே போகும். மேசையைச் சுற்றிச் சமதரையும், உள்ளே வர ஒரு சாய்தளமும், கதவு அகலமான ஒரு மலசலகூடமும் வேண்டும். கழகக் கூட்டத்தில் இதைக் கேட்பதற்கு ஒரு தகப்பனோ தமையனோ போதும். அளவுகளோடு ஒரு தாள் வேண்டுமென்றால் உங்கள் கிளினிக்கில் இருக்கும் இயன்மருத்துவரிடம் கேளுங்கள், எழுதித் தருவார்.