எட்டுப் பேர் பாடினால் தனிப்பாடலா?

மார்னிங் முசுமே என்ற ஜப்பானியப் பெண்கள் குழு 1999 செப்டம்பர் 9 அன்று வெளியிட்ட 'லவ் மெஷின்' என்ற பாட்டைப் பற்றித் தமிழில் ஒரு காணொளி பார்த்தேன். திரையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஆடிப் பாடுகிறார்கள். கீழே எழுத்து ஓடுகிறது: 'குழுவின் ஏழாவது தனிப்பாடல்'. ஓரிரு பாட்டோடு தனியாக வெளிவரும் சிங்கிளுக்கு இந்தச் சொல்லை இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது!

சிங்கிள் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஒன்று, ஒற்றை என்று பொருள். இசை உலகில் அது தட்டின் பெயர். 1949-இல் அமெரிக்காவில் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் ஏழு அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. நடுவில் பெரிய ஓட்டை இருந்ததால் ஜப்பானியர் அதை டோனட் தட்டு என்றார்கள்.

பக்கத்துக்கு ஒன்று என்றாலே இரண்டு பாட்டு ஆகிவிட்டதே! 'லவ் மெஷின்' வாங்கியவர்களுக்கும் '21ஆம் நூற்றாண்டு' என்று பொருள்படும் இன்னொரு பாட்டு அதே தட்டில் கிடைத்தது. 16 லட்சத்துக்கு மேல் விற்றது என்கிறோமே, அது தட்டுகளின் கணக்கு. அதைப் போய் '16 லட்சம் தனிப்பாடல்கள்' என்று எழுத முடியுமா?

அப்புறம், தனிப்பாடல் என்ற சொல் தமிழில் சும்மா கிடக்கவில்லை. காளமேகப் புலவர் நின்ற இடத்தில் பாடிய வெண்பா தனிப்பாடல். எந்த நூலிலும் சேராமல் தனியே நிற்கும் செய்யுளுக்கு அந்தப் பெயர். இன்றைய வாசகர் அதை ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு என்றும் எடுத்துக்கொள்வார். இந்தக் குழுவிலிருந்த கோதோ மகி 2001-இல் தன் பெயரில் தனியாக ஒரு சிங்கிள் வெளியிட்டார். அதைத் 'தனிப்பாடகியின் முதல் தனிப்பாடல்' என்று எழுதினால் எந்தத் 'தனி' எதைக் குறிக்கிறது?

என் பரிந்துரை ஒற்றைத்தட்டு. இசைத்தட்டு, குறுந்தட்டு என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களோடு அது இயல்பாகச் சேரும். இப்போது எல்லாம் இணையத்தில்தானே வருகிறது, தட்டு எங்கே என்று கேட்பார்கள். சரி, பள்ளிகளில் மின்சார மணி வந்த பிறகும் மணி 'அடித்தது' என்றுதானே சொல்கிறோம்? பொருள் மாறினாலும் சொல் தங்கும். ஜப்பானில் இன்றும் பெண்கள் குழுக்களின் சிங்கிள்கள் குறுந்தட்டாகக் கடைக்கு வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டென்னிஸ் செய்தியை முதலில் தமிழில் எழுதியவர்கள் களத்தைப் பார்த்தார்கள். பக்கத்துக்கு ஒருவர் நின்றால் ஒற்றையர், இருவர் நின்றால் இரட்டையர் என்று எழுதினார்கள். இசைச் செய்தி எழுதுகிறவர்கள் அகராதியை மட்டும் பார்க்கிறார்கள். கையிலிருக்கும் தட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒற்றைத்தட்டு பிடிக்கவில்லையா, சிங்கிள் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. காளமேகத்தின் சொல்லை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.