குதிக்கும் பூனைக்குள் இருக்கும் கணக்கு

"கேம் ஆடாதே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நீங்கள் என்னடாவென்றால் கேம் செய்யவே கற்றுக்கொடுக்கலாம் என்கிறீர்களே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கேம் செய்யும் பிள்ளை என்னதான் செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலில், பிள்ளைகள் கேம் செய்ய உதவும் 'ஸ்கிராட்ச்' என்ற நிரல்மொழியின் முன்கதை, சுருக்கமாக. போஸ்டன் நகரின் கணினி அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளி விடுமுறையின்போது லெகோவையும் கணினியையும் இணைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அது முடிந்த பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தேடி வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நைசாக உள்ளே நுழைகிறார்கள், கவனம் என்று ஊழியர்களுக்கு எச்சரிக்கை போகும் அளவுக்கு ஆகிவிட்டது. 1993இல் அதே அருங்காட்சியகமும் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் என்ற ஆய்வகமும் சேர்ந்து, வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்காக 'கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்' தொடங்கின. பள்ளி விட்டதும் வரலாம், காசு கிடையாது. படம் வரையவும் இசை கோக்கவும் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். நிரல் எழுதத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உருவாக்கியதுதான் 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், பொருந்தாதவை ஒட்டாது. இணையத்தில் யாரோ செய்த விளையாட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, மாற்றி, நம் பங்குக்கு வெளியிடலாம். இது பலருக்கும் தெரிந்திருக்கும். நேரே பூனைக்கு வருவோம்.

ஸ்கிராட்சைத் திறந்ததும் ஓர் ஆரஞ்சுப் பூனை நிற்கும். அது நடமாடும் மேடை 480 அலகு அகலம், 360 அலகு உயரம். பூனையைக் குதிக்க வைக்க வேண்டும். எல்லாரும் முதலில் செய்வது இதுதான்: உயரத்தில் 80 கூட்டு, கொஞ்சம் பொறு, 80 கழி. பூனை மேலே தோன்றும், கீழே தோன்றும். குதித்த மாதிரியே இருக்காது.

சரி, 'வேகம்' என்று ஒரு மாறி, அதாவது மாறக்கூடிய ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி, உண்டாக்குவோம். அதில் 12 வைப்போம். ஓயாமல் சுற்றும் கட்டைக்குள் இரண்டே கட்டளைகள்: உயரத்தோடு வேகத்தைக் கூட்டு, வேகத்தில் 1 கழி. இவை நொடிக்கு 30 முறை நடக்கும். கையாலேயே போட்டுப் பாருங்கள். உயரம் 12, 23, 33, 42, 50 என்று ஏறும். ஏற்றம் சுருங்கிச் சுருங்கி 75, 77, 78 வரும். வேகம் 0 ஆகும் சுற்றில் மறுபடி 78; பூனை உச்சியில் ஒரு கணம் தொங்குகிறது! அப்புறம் வேகம் மைனஸ் 1: 77, 75, 72... ஏறிய படியிலேயே இறங்கி, 25ஆவது சுற்றில் தரை. மொத்தம் ஒரு நொடிகூட ஆகவில்லை. கூடவே பக்கவாட்டிலும் நகர்த்தினால் அச்சு அசலான பரவளையம், எறிந்த கல் போகும் அதே வளைவு.

எனக்கு இதில் ஆச்சரியம் தீரவே இல்லை. பரவளையத்தின் சமன்பாட்டை யாரும் எழுதவில்லை. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவுதான். காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்குத் துண்டு மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் இந்த உத்தியைக் கணித மேதை ஆய்லர் 1768இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். விண்கலம் போகும் பாதையைக் கணிப்பதும் இதன் தேர்ந்த வடிவங்களால்தான். நாம் கழிக்கும் அந்த 1தான் புவியீர்ப்பு. நிலாவின் ஈர்ப்பு அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு; 1க்குப் பதிலாக அதைக் கழித்தால் பூனை நிலாவில் இருக்கிறது. அங்கே அது சுமார் 438 வரை எழும்ப வேண்டும். மேடையே 360தான் என்பதால் மேல்விளிம்பில் போய் முட்டிக்கொள்ளும்.

நறுக்கிய காலம் வம்பும் செய்யும். பூனைக்குப் பதில் 8 அலகுப் பந்து ஒன்று 310 அலகு உயரத்திலிருந்து விழுகிறது. அடியில் 4 அலகுத் தடிமனில் ஒரு பலகை. கிட்ட வரும்போது பந்தின் வேகம் 25. ஒரு சுற்றில் பலகைக்கு மேலே, அடுத்த சுற்றில் பலகைக்குக் கீழே. இடையில் தொட்ட கணமே கிடையாது. 'பலகையைத் தொட்டால் நில்' என்ற கட்டளைக்கு வேலையே வராமல் பந்து பலகையை ஊடுருவிப் போய்விடும். 25 அலகை ஒரே தாவலாகத் தாவாமல் ஒவ்வொரு அலகாக நகர்த்தி, தொடுகிறதா என்று அப்போதைக்கப்போது பார்க்க வேண்டும். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அன்று சாப்பிடக்கூட எழுந்து வராது.

இதையெல்லாம் பிள்ளைகள் தாமாகவே கற்றுவிடுவார்களா? பாதி வரை. ஒரு நகர்ப்புறக் கிளப்ஹவுஸில் 18 மாதங்களில் சேர்ந்த 536 ஸ்கிராட்ச் படைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் நிரல் இருந்தவை 425. யாரும் வகுப்பெடுக்காமலே அவற்றில் பாதிக்கு மேல் லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும் கட்டளை, வந்திருந்தது. மாறியோ பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. அது தானாக வராது. தேவைப்படும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து காட்டித்தர வேண்டும். ஸ்கிராட்சை உருவாக்கிய குழுவின் தலைவர் மிட்செல் ரெஸ்னிக் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கிளப்ஹவுஸில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் விளையாட்டைச் செய்துகொண்டிருந்த ஒரு பையனுக்கு ஸ்கோர் எண்ணத் தெரியவில்லை. ரெஸ்னிக் மாறியைக் காட்டினார். பையன் கையைப் பிடித்துக் குலுக்கித் திரும்பத் திரும்ப நன்றி சொன்னானாம். மாறியைச் சொல்லிக்கொடுத்ததற்காக எந்த அல்ஜீப்ரா வாத்தியாருக்கு நன்றி கிடைத்திருக்கிறது என்று யோசித்தாராம் ரெஸ்னிக்.

இங்கே என் புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிராட்சுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2003இல் பணம் கொடுத்தது. வெளியே காட்ட ஏதாவது வருவதற்கு நான்கு ஆண்டு ஆயிற்று. நம்மூரில் ரிப்பன் வெட்டக் கணினி வாங்குவார்கள், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் ஆளுக்குச் சம்பளம் என்றால் கையை விரிப்பார்கள். ஆறு வயதில் கோடிங் படிக்காவிட்டால் பிள்ளை உருப்படாது என்று விளம்பரம் செய்து பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் கறப்பது இன்னொரு கூத்து. ஜாதகத்தில் தோஷம் என்று பரிகாரத்துக்குக் காசு பிடுங்குவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாசகிக்கு ஒரு தகவல்: ஸ்கிராட்சை இலவசமாகக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஒரே கணினியே போதும். கணினி கிடைக்கும்வரை கிராஃப் தாளில் 12, 23, 33 என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். உச்சியில் இரண்டு புள்ளிகள் ஏன் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்று பிள்ளையே வந்து கேட்கும்.