ரசீது கொடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள்?

சிறிய அறக்கட்டளைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், மாலை நேர வகுப்பு நடத்துகிறவர்கள், பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். வருடக் கடைசியில் வந்து உட்காரும்போது கிட்டத்தட்ட எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "சார், புதுசா டோனர் யாராவது இருந்தா சொல்லுங்களேன், ஏதாவது கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) கிடைக்குமா?" நான் போன வருட ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து வைப்பேன். அதில் இருக்கும் பெயர்களில் எத்தனை இந்த வருடப் புத்தகத்தில் இருக்கிறது என்று பாருங்கள் என்பேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தட்டுப்படும். "மறந்திருப்பாங்க சார்" என்பார்கள். இடையில் நாம் ஒரு தடவையாவது கூப்பிட்டோமா என்று கேட்டால் பதில் வராது.

சிஎஸ்ஆர் பணத்தைத் தேடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் கடந்த மூன்று வருட நிகர லாப சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அது பெரிய பணம்தான். ஆனால் அதற்குப் பதிவு வேண்டும், திட்ட அறிக்கை வேண்டும், செலவுக்கு ஆதாரம் வேண்டும், பேசி முடிக்கவே மாதக்கணக்காகும். மளிகைக் கடை பாக்கி அதுவரை காத்திருக்காது. ஏற்கெனவே உங்களை நம்பி ஒருமுறை கொடுத்தவர்தான் இப்போதைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

அவரை நாம் தொலைப்பது பணம் வந்த அன்றே தொடங்கிவிடுகிறது. இப்போது நிறையப் பேர் வாசலில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுப் போகிறார்கள். வங்கி ஸ்டேட்மெண்டில் ஒரு யுபிஐ ஐடி, பக்கத்தில் 2,000 ரூபாய், அவ்வளவுதான். யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கணக்கில் 'நலம்விரும்பி' என்று எழுதி முடித்துவிடுவார்கள். கொடுத்தவரின் பெயர், முகவரி இல்லாத பணம் சட்டத்தின் பார்வையில் அநாமதேய நன்கொடை. அது மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. வரியை விடுங்கள், அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லக்கூட வழி இல்லாமல் போய்விட்டதே! கியூஆர் பலகைக்குக் கீழேயே ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, "பணம் அனுப்பியதும் பெயர், முகவரி, பான் எண்ணை இதில் அனுப்புங்கள், ரசீது வரும்" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அப்புறம், தயவுசெய்து நிர்வாகியின் சொந்த ஜிபே எண்ணில் நன்கொடை வாங்காதீர்கள். நீங்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வைத்திருக்கலாம், ஆனால் கொடுப்பவரின் திரையில் தெரிவது ஒரு தனி மனிதரின் பெயர், சந்தேகம் அங்கேயே விழுந்துவிடும்.

அடுத்தது 80ஜி, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வரிக் கழிவு தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு. 2021-22 நிதியாண்டிலிருந்து வெறும் ரசீது போதாது. அந்த வருடம் கொடுத்தவர்களின் விவரங்களை மே 31க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பல இல்லங்களில் ஜூலையில் கொடுத்தவரே போன் செய்து "என் சர்டிபிகேட் என்னாச்சு" என்று கேட்ட பிறகுதான் தேடவே ஆரம்பிக்கிறார்கள். அப்படிக் கெஞ்சிக் கேட்டு வாங்கியவர் அடுத்த வருடம் கொடுப்பார் என்று எதை வைத்து எதிர்பார்க்கிறீர்கள்? (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) இன்னொன்று, "வரிவிலக்கு உண்டு" என்று நோட்டீஸில் தடித்த எழுத்தில் போடுவதற்கு முன்பிருந்த மவுசு குறைந்துகொண்டே வருகிறது. 2023-24 முதல் புதிய வரி முறைதான் தானாக அமலாகும் முறை, பழைய முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்காதவருக்கு 80ஜி கழிவு கிடையாது. வரிக்காகக் கொடுத்தவர்கள் குறைவார்கள், உங்கள் வேலையைப் பார்த்துக் கொடுப்பவர்களை நம்பித்தான் இனி வண்டி ஓட வேண்டும்.

நம் ஊரில் மக்கள் நன்கொடை கொடுப்பது பெரும்பாலும் ஒரு நாளையொட்டித்தான். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி, பிள்ளை பாஸானது. "ஒருவேளை சாப்பாடு எவ்வளவுங்க?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இதில் இருக்கும் சிக்கல் இல்லம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மூன்று குடும்பம் போட்டி போடும், ஒரே நாளில் இரண்டு கேக் வரும். அதே மாதம் கரண்ட் பில்லுக்கும், இரவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் சம்பளத்துக்கும், பிரஷர் மாத்திரைக்கும் கொடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். கொடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சாப்பாட்டைத் தவிர வேறு எதற்குப் பணம் வேண்டும் என்று நாம் சொன்னதே இல்லை.

கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று ஊர், தகப்பன் பெயரோடு எழுதி இருபது வருடம் பீரோவில் வைத்திருக்கும் ஆட்கள் நாம். அதே அக்கறையோடு ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், போன் எண், எந்த நாள், யாருக்காக, எவ்வளவு. திதி என்றால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், அதனால் மாதமும் திதியும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் போன் செய்யுங்கள். "அம்மா திதி வருதுங்களே, போன வருஷம் நீங்க வந்திருந்தீங்க, பாட்டிங்க எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று பேச்சைத் தொடங்கினால் போதும், பணம் என்ற சொல்லே வேண்டியதில்லை. பெற்றவளின் நாளை வெளியார் ஒருவர் ஞாபகம் வைத்துக் கூப்பிட்டால் யாருக்கும் மனசு நெகிழும். அவர்களே கேட்பார்கள், இந்த வருஷம் என்ன செய்யலாம் என்று. அப்போது சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு அன்றைக்கு ஆள் இருக்கிறார்கள், இந்த மாத மாத்திரைச் செலவை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று.

கொடுத்த பிறகு அனுப்பும் செய்தியும் அப்படித்தான். "தங்கள் மேலான நன்கொடைக்கு மனமார்ந்த நன்றி" என்று கைகூப்பும் பொம்மையோடு எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புவதை விட்டுவிடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணா, நீங்க அனுப்பின 3,000 ரூபாயில நம்ம இல்லத்துல பத்து பேருக்கு ஒரு மாச பிரஷர், சுகர் மாத்திரை வாங்கியாச்சு. பில் அனுப்பியிருக்கேன் பாருங்க. 140 ரூபாய் மிச்சம், அதுல பஞ்சும் டெட்டாலும் வாங்கினோம்." அந்த 140 ரூபாய்க்குக் கணக்குச் சொன்னீர்கள் பாருங்கள், அதை அவர் நாலு பேரிடம் சொல்வார். ஒன்றுக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவழிக்க நேர்ந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

பில்லை அனுப்புங்கள், குழந்தைகளின் முகத்தை அனுப்பாதீர்கள். கேக் வெட்டும் குடும்பத்துக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் பேஸ்புக்கில் போகிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் ஊடகங்களில் வெளியாவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கும் மேல், அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? கொடுப்பவர் படம் கேட்டால் பாத்திரத்தை, புத்தக அலமாரியை, பிள்ளை எழுதிய கடிதத்தைக் காட்டுங்கள், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், பக்கத்துத் தெருப் பையனாகவே இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டு ஆதாரம்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அவரிடம் வாங்கக்கூடாது, அவர் ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் கூடாது. "நம்ம பையன்கிட்ட எப்படிங்க பாஸ்போர்ட் கேக்கறது" என்று கூச்சப்படுகிறார்கள். முதல் தடவையே கேட்டு, நகலை ரசீது அடிக்கட்டையோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.