எல்லாவற்றுக்கும் சி டைப்: சட்டம் கேட்பது பின்னை மட்டும் அல்ல

"புது கேபிள் போட்டா ஏறலை, பழைய கேபிள் போட்டா ஏறுது. போர்டு போச்சாண்ணா?"

வேலூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சமீப காலமாக அடிக்கடி வருகிற கேள்வி இது. கொண்டு வருவது பெரும்பாலும் போன் இல்லை. டிரிம்மர், ப்ளூடூத் ஸ்பீக்கர், டார்ச், கையில் பிடிக்கிற சின்ன ஃபேன் மாதிரி பொருட்கள். எல்லாவற்றிலும் சி டைப் பின்தான். ஆனால் இரண்டு முனையும் சி டைப்பாக இருக்கிற கேபிளை மாட்டினால் அசையாது. ஒரு முனையில் பழைய பட்டை யூஎஸ்பி இருக்கிற கேபிளை மாட்டினால் உடனே லைட் எரியும்.

போர்டு போகவில்லை. தயாரித்தவர்கள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) இரண்டை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். சி டைப் சார்ஜர் சும்மா இருக்கும்போது வெளியே மின்சாரம் விடாது. எதிர்ப்பக்கம் அந்த ரெசிஸ்டர் இருப்பது தெரிந்த பிறகுதான் 5 வோல்ட்டைத் திறக்கும். பழைய பட்டை யூஎஸ்பி சார்ஜரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால் அதில் ஏறிவிடுகிறது. அந்த ரெசிஸ்டரின் விலை பைசாக் கணக்குதான். அதை மிச்சம் பிடிப்பதால், 'ஒரே சார்ஜர் போதும்' என்று நம்பி வாங்கியவர் இன்னொரு சார்ஜரையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

பொது சார்ஜிங் பின் சட்டம் பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சில் விட்டுப்போகிற இடம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் ஐபோனையே சி டைப்புக்கு மாற்ற வைத்தது என்ற செய்தி எல்லோருக்கும் தெரியும். அங்கே 2009-ல் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தம் விருப்பத்தின் பேரிலானது; பலவகைப் பின்கள் குறைந்தாலும் ஒன்றாகவில்லை. அதனால்தான் 2022-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் என்று தேதி குறித்தார்கள். ஐபோன் 2023 செப்டம்பரிலேயே மாறிவிட்டது.

ஆனால் அந்தச் சட்டம் பின்னின் வடிவத்தோடு நிற்கவில்லை. யூஎஸ்பி சி தரத்தின் எண்ணையே எழுதி, அதன்படி செய் என்கிறது. நான் மேலே சொன்ன ரெசிஸ்டர் அந்தத் தரத்துக்குள் இருக்கிறது. அப்புறம், 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஏறும் பொருள் எதுவானாலும் யூஎஸ்பி பவர் டெலிவரி என்கிற பொது முறையை ஏற்க வேண்டும். கம்பெனி தன் சொந்த ஃபாஸ்ட் சார்ஜிங்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொது முறையைத் தடுக்கக் கூடாது. எத்தனை வாட் வேண்டும், சார்ஜர் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பெட்டி மேலேயே படம் போட வேண்டும். சார்ஜர் இல்லாமல் வாங்கும் வாய்ப்பும் கொடுக்க வேண்டும். வீணாகும் சார்ஜர்களால் அங்கே வருடத்துக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேர்வதாகக் கணக்கிட்டு எடுத்த முடிவு இது.

இந்தியாவில் 2022 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில் ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப்புக்கு சி டைப் என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்., ஐ.எஸ்./ஐ.இ.சி. 62680-1-3 என்ற சி டைப் தரத்தை வெளியிட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் தரம் வெளியாவதும், அதைப் பின்பற்றாத பொருளைக் கடையில் விற்க முடியாமல் செய்வதும் ஒன்றல்ல. வடிவத்தை மட்டும் கட்டாயமாக்கி உள்ளே இருக்க வேண்டியதை விட்டுவிட்டால், ரெசிஸ்டர் இல்லாத டிரிம்மர்தான் இன்னும் பெருகும்.

பின் ஒன்றாவதால் வருகிற ஆபத்தையும் சொல்ல வேண்டும். முன்பு நோக்கியா குண்டு பின் சார்ஜர் வேறு போனில் நுழையாது. இப்போது எந்த சார்ஜரும் எதிலும் நுழையும். ஒழுங்கான சார்ஜரில் பயம் இல்லை: 65 வாட் சார்ஜரில் 18 வாட் போனைப் போட்டாலும், போன் கேட்பதைத்தான் கொடுக்கும். பயம், பிளாட்பாரத்தில் கிடைக்கும் ரொம்ப மலிவான சார்ஜரில்தான். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும். அது ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் வீட்டு மின்சாரம் நேராகக் கையிலிருக்கும் போனுக்கு வந்துவிடும். சார்ஜர் மேல் R- என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கேபிளும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. சாதாரண சி டைப் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். 100 வாட் ஓட வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதற்குள் ஒரு சிப் இருக்கும். காட்பாடிப் பக்கமிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்பார்கள். பல நேரம் காரணம் போன் கேபிள்தான். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

இந்த ஊரில் இது வெறும் வசதி விஷயம் இல்லை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து காந்தி ரோடு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு, ஊரில் இருப்பவரோடு பேசவும், பணம் அனுப்பச் சொல்லவும், ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பவும் அந்த ஒரு போன்தான். அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றோ இரண்டோ இருக்கும். பக்கத்து அறைக்காரரின் சார்ஜர் பொருந்தினாலே பெரிய உதவி.

அதனால்தான் 2022 நவம்பரில் இங்கே கூட்டத்தில் எடுத்த முடிவில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பட்டன் போனுக்குத் தனி சார்ஜர் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். விலை கூடிவிடும் என்பது காரணம். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் பெரியவர்கள் பலர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்களும் அவர்கள்தான். மகனுடைய சி டைப் சார்ஜர் அவர்கள் போனில் நுழையாது. சி டைப் வைத்த பட்டன் போன்கள் சந்தையில் ஏற்கெனவே விற்கின்றன. வீட்டில் பெரியவருக்கு அடுத்த போன் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் வரும்போது அரசு பட்டன் போனையும் அதில் சேர்க்க வேண்டும்.