அந்தப் படத்தில் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை

"நான் வளர்த்த விதத்தாலதான் இப்படி ஆயிட்டானா டாக்டர்?" போன வாரம் ஒரு தாய் கேட்டார். மகனுக்கு 23 வயது. எட்டு மாதமாகக் காதில் குரல் கேட்கிறது. தெருவில் யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். மனச்சிதைவு நோய். ஏன் இத்தனை நாள் அழைத்து வரவில்லை என்று கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சொந்தக்காரர் ஒருவர் ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தைச் சொல்லி, "மடியிலயே வச்சு வளர்த்தா பையன் அந்தப் படத்துல வர்றவன் மாதிரிதான் ஆவான்" என்றிருக்கிறார். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து மகனை வீட்டோடு வைத்துக்கொண்டார் அம்மா. இந்த வருடம் இந்தப் படத்தைச் சொல்லி என் முன்னால் அழுத நான்காவது தாய் இவர். அடையாளம் தெரியக் கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அழுகையை மாற்றவில்லை.

படத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாணவனாக இருந்த காலத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். 1959இல் ராபர்ட் பிளாக் எழுதிய நாவலை அடுத்த ஆண்டே ஹிட்ச்காக் படமாக்கினார். நாவலின் மையப் பாத்திரமான நார்மன் பேட்ஸ் நாற்பது வயதுக்காரன், பருத்த உடம்பு, குடிப்பவன். படத்திலோ ஆண்டனி பெர்கின்ஸ், ஒல்லியான, கூச்சப்படுகிற, மரியாதையாகப் பேசுகிற இளைஞன். படம் இன்றும் நிற்பதற்கு அந்த மாற்றம் பெரிய காரணம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் மிரண்டுபோவதற்கும் அதுதான் காரணம்.

முடிவைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது, பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் அவரது காதலரும் சேர்ந்திருந்ததைப் பொறுக்க முடியாமல் இருவரையும் விஷம் வைத்துக் கொன்றவன் நார்மன். பிறகு அம்மாவின் உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அவர் குரலில் தானே பேசுகிறான். கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்ட, கண்டிப்பான தாய், அதனால் இப்படி ஆனான் என்கிறார். பார்வையாளர் வீட்டுக்கு எடுத்துப்போவது இந்த விளக்கத்தைத்தான்.

அந்த மருத்துவருக்கு இந்தக் கதையைச் சொன்னது யார்? அவரே சொல்கிறார்: நார்மன் சொல்லவில்லையாம், நார்மனுக்குள் இருக்கும் 'அம்மா' சொன்னாராம். உண்மையான அம்மா செத்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. படம் முழுக்க அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாம் கேட்கிற அந்தக் கடுகடுப்பான குரல், மகன் தன் மனதில் செய்து வைத்திருக்கும் அம்மாவின் குரல். படப்பிடிப்புக் குழு அதையும் மூன்று பேருடைய குரல்களைக் கலந்துதான் உண்டாக்கியது. எங்கள் துறையில் முதல் வருட மாணவனுக்கே சொல்லிக்கொடுப்போம்: நோயாளி சொன்னதை மட்டும் வைத்து வரலாறு எழுதாதே, கூட இருப்பவரைத் தனியே உட்கார வைத்துக் கேள். நார்மனின் அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இதில் எங்கள் துறையின் பங்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1948இல் ஃபிரீடா ஃபிரம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்குகிற தாய் என்றொரு கருத்தை எழுத்தில் வைத்தார். அமெரிக்க மருத்துவர்கள் பலர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். படம் வந்தது அந்த எண்ணம் ஓங்கியிருந்த நாட்களில். அடுத்து வந்த ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, கைவிட்டோம். பாடப்புத்தகத்திலிருந்து போய்விட்டது, சொந்தக்காரர் வாயிலிருந்து போகவில்லை.

"அந்தக் கதை உண்மைச் சம்பவமாச்சே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். நாவலுக்குத் தூண்டுதல் 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிடிபட்ட கொலைகாரன் எட் கீன். அவனுடைய தாய் அகஸ்டா மகா கண்டிப்பானவர், உண்மை. அதே அகஸ்டாதான் மூத்த மகன் ஹென்றியையும் வளர்த்தார். ஹென்றி அப்படி ஆகவில்லை.

மனச்சிதைவு நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. மூளை வளரும் விதம், கஞ்சா, கடும் நெருக்கடி எல்லாம் சேர்கின்றன. மடியில் வைத்து வளர்த்ததால் வராது. அதட்டி வளர்த்ததாலும் வராது. வந்தபின் வீட்டில் ஓயாத குத்தல் பேச்சு இருந்தால், குணமானவருக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடும், அது நிரூபணமான விஷயம். "சைக்கோ" என்று கூப்பிடுகிற மாமாக்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்பது மனச்சிதைவு நோயே கிடையாது, அது வேறு பிரச்சினை, மிக அரிது. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடித்ததுகூட இல்லை. அடி வாங்குபவர்களாகத்தான் அதிகம் பார்க்கிறேன்.

தூக்கம் கெட்டு, தனியே பேசி, சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். முதலில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். மாத்திரை ஆரம்பித்து நன்றாக ஆனதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தின் பக்கவிளைவு என்றால் எங்களிடம் வந்து சண்டை போடுங்கள், மாற்றித் தருகிறோம். தாய்மாரே, தயவுசெய்து, எதை எப்போது தவறாகச் செய்தோம் என்று தேடிக்கொண்டே இருக்காதீர்கள். பையனுக்குக் குரல் கேட்க ஆரம்பித்த தேதியைச் சொன்னால் போதும், எனக்கு அதுதான் தேவை.

அந்த அம்மா செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். அந்தச் சொந்தக்காரரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.